எப்போ எடுப்பீங்க?

அப்பாவுக்கு உணவுக்குழாயில் ஸ்டென்ட் வைக்கப் போகிறார்கள் என்று சொன்னபோது நாங்கள் கேட்டதெல்லாம் வைப்பதைப் பற்றித்தான். எவ்வளவு நேரம் ஆகும், முழு மயக்கம் கொடுப்பார்களா, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாமா, சாயங்காலமே ஏதாவது சாப்பிடலாமா. அதை எப்போது எடுப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஏழு மாதமாகச் சாப்பாடு இறங்காமல் தவித்த மனிதருக்கு வழி திறக்கப் போகிறது, அந்த நினைப்பே போதுமாக இருந்தது. அடுத்த ஒரு வருஷம் நாங்கள் பட்ட பாட்டில் பாதிக்கு மேல் அந்தக் கேட்காத கேள்வியால் வந்தது. இப்போது யாராவது இதே நிலையில் இருந்தால் அவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தது. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தார்கள், நோய் அடங்கியது. ஆனால் கதிர்வீச்சு பட்ட இடம் மெல்ல மெல்லத் தழும்பாகிச் சுருங்கத் தொடங்கியது. நன்றாக இருக்கும் உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளம், உணவு போகும்போது 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்துகொடுக்கும். அது 13 மில்லிமீட்டருக்கும் கீழே குறுகும்போது திட உணவு சிக்க ஆரம்பிக்கும் என்கிறார்கள். அப்பாவுக்கும் முதலில் நின்றது ரொட்டியும் இறைச்சியும்தான். “இங்கேயே நிக்குதும்மா” என்று மார்பு எலும்பின் நடுவில் விரலை வைத்துக் காட்டுவார். அப்புறம் மசித்த உணவு நின்றது. அப்புறம் தண்ணீராக இருப்பது மட்டும்தான் போனது. மருத்துவர்கள் இதற்கு 0 முதல் 4 வரை எண் போடுகிறார்கள்: எல்லாம் இறங்கினால் 0, சொந்த எச்சில்கூட இறங்காவிட்டால் 4. அப்பாவின் கோப்பில் 3 என்று எழுதியிருந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் கிண்ணம் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் அது 4.

முதலில் பலூன் வைத்து விரித்தார்கள். எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாக விடும் கேமராக் குழாய், அதன் வழியாக ஒரு பலூனை உள்ளே அனுப்பி, குறுகிய இடத்தில் நிறுத்தி, ஊதி விரிப்பது. ஒரே தடவையில் ரொம்ப விரித்தால் சுவர் கிழிந்துவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போவார்கள். விரித்த அன்றைக்கு அப்பா நன்றாகச் சாப்பிடுவார், பத்து நாளில் மறுபடி சுருங்கிவிடும். இரண்டு வார இடைவெளியில் ஐந்து தடவை விரித்தும் 14 மில்லிமீட்டரை எட்ட முடியவில்லை என்றால் அதை எதற்கும் அடங்காத சுருக்கம் என்று வகைப்படுத்துகிறார்கள். அப்பாவுடையது அந்த வகையில் சேர்ந்தது. அந்தக் கட்டத்தில்தான் ஸ்டென்ட் என்ற பேச்சு வந்தது.

இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்டைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். நாங்களும் அதே மாதிரி ஒன்று, வைத்தால் வைத்ததுதான், என்று நினைத்துக்கொண்டோம். உணவுக்குழாய் ஸ்டென்ட் வேறு ரகம். கம்பியால் பின்னிய வலைக்குழாய், விரிந்தால் சுமார் 2 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், நழுவாமல் இருக்க இரண்டு முனையும் புனல் மாதிரி இன்னும் கொஞ்சம் அகண்டிருக்கும். அதை ஒடுக்கி ஒரு மெல்லிய உறைக்குள் அடைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே கொண்டுபோய், உரிய இடம் வந்ததும் உறையை உருவிவிடுவார்கள். கம்பி தானாக விரியும். நிட்டினால் என்ற நிக்கல், டைட்டானியம் கலந்த உலோகம் அது, கொடுத்த வடிவத்தை மறக்காமல் அதற்கே திரும்பப் பார்க்கும். உடனே முழுசாக விரிந்துவிடாது, ஒன்றிரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள்கூட எடுத்துக்கொள்ளும்.

இந்த யோசனை ஒன்றும் புதிது இல்லை. அடைத்த உணவுக்குழாயில் ஒரு குழாயைச் செருகி வழி உண்டாக்குவதை 1880-களிலேயே செய்திருக்கிறார்கள். 1959-இல் செலஸ்டின் என்ற அறுவை மருத்துவர் விவரித்த பிளாஸ்டிக் குழாய் ரொம்ப காலம் புழக்கத்தில் இருந்தது. அந்தப் பழைய குழாய்கள் விறைப்பானவை, செருகும்போதே உணவுக்குழாயைக் கிழித்துவிடும் ஆபத்து அதிகம். 1993-இல் புற்றுநோயால் அடைபட்ட 42 பேரை வைத்துப் பிளாஸ்டிக்கையும் தானாக விரியும் உலோகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், உலோகத்தில் சிக்கல்கள் தெளிவாகக் குறைவாக இருந்தன. அதிலிருந்துதான் உலோகக் குழாய் பரவியது. ஆக அப்பாவுக்கு வைத்தது பழையதைவிட நல்ல கருவிதான். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை.

முதல் ஸ்டென்ட் வைத்த ராத்திரி அப்பா தூங்கவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டு அகட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். உண்மையில் உள்ளே நடந்துகொண்டிருந்ததும் அதுதானே. வலி வரும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா அப்படிப் பயந்திருக்க மாட்டார், மாரடைப்பு என்றே முடிவு கட்டிவிட்டார். வலி மருந்து கொடுத்து மூன்றாம் நாள் தணிந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: தாங்க முடியாத வலியோடு காய்ச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநற என்று காற்றுக் குமிழ் உடைகிற மாதிரி ஒரு உணர்வு, இதெல்லாம் சேர்ந்தால் அது விரியும் வலி இல்லை. உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். அப்போது காலை வரை பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

அப்பாவுக்கு அப்படி ஆகவில்லை. அவருக்கு ஆனது வேறு. பத்தொன்பதாம் நாள் காலையில் எழுந்து, “வலி சுத்தமா போயிடுச்சும்மா” என்றார். முகம் தெளிவாக இருந்தது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். மத்தியானம் குடித்த பால் அப்படியே வெளியே வந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, கீழே இரைப்பைக்குள் குறுக்காகப் படுத்திருந்தது. அழுத்திக்கொண்டிருந்த பொருள் நழுவி விழுந்ததால்தான் வலி போயிருக்கிறது. வலி திடீரென்று நின்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏன் நழுவியது என்பதை அன்று பணியில் இருந்த ஒரு இளம் மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினார். குழாய்க்கு மூன்று வகை. வலைக் கம்பி முழுக்க வெறுமையாக இருப்பது ஒன்று. முழுக்க சிலிக்கோன் மாதிரியான உறை போட்டது இன்னொன்று. நடுவில் மட்டும் உறை போட்டு இரண்டு முனைகளிலும் கம்பியை வெறுமையாக விட்டது மூன்றாவது. அவர் சொன்ன மூன்று வாக்கியங்களை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “அதை வெளியே இருந்து பிடிச்சு நிறுத்த ஒண்ணும் கிடையாது. சதை கம்பியைப் பிடிச்சாத்தான் நிக்கும். சதை பிடிச்சிட்டா சுலபமா எடுக்க முடியாது.” இந்தக் குழாயின் பெரும்பாலான தொல்லை இந்த மூன்று வாக்கியத்துக்குள் இருக்கிறது. உறை போட்டால் சதை ஒட்டாது, எடுப்பது சுலபம், அதே காரணத்தால் நழுவும். உறை இல்லாவிட்டால் நழுவாது, கம்பிக் கண்ணிகளுக்குள் சதை வளர்ந்து புகுந்துவிடும். இரண்டும் இல்லாத குழாய் என்று ஒன்றை இன்னும் யாரும் செய்துவிடவில்லை. 18 ஆய்வுகளில் இருந்த 444 பேரின் விவரங்களைச் சேர்த்து 2016-இல் ஒரு தொகுப்பு வந்தது, எல்லோரும் அப்பா மாதிரி (அவருடைய சுருக்கமும் புற்றால் இல்லை, தழும்பால் வந்ததுதானே) புற்று அல்லாத, அடங்காத சுருக்கம் உள்ளவர்கள். அதில் பத்துப் பேரில் நாலு பேருக்குத்தான் ஸ்டென்ட் நிலையான பலன் கொடுத்திருக்கிறது. நூற்றுக்கு 28, 29 பேருக்குக் குழாய் நகர்ந்திருக்கிறது. அப்பாவுக்கு நடந்தது அபூர்வமான துரதிர்ஷ்டம் இல்லை என்று அதைப் படித்த பிறகுதான் புரிந்தது. வைக்கும் முன் இதைத் தெரிந்துகொண்டிருந்தாலும் நாங்கள் சம்மதித்துத்தான் இருப்போம். ஆனால் தெரிந்து சம்மதித்திருப்போம்.

நழுவாமல் இருக்க சில வழிகள் உண்டு. மேல் முனையைக் கிளிப் போட்டுச் சுவரோடு பிடிக்கலாம், எண்டோஸ்கோப்பி வழியாகவே தையல் போடலாம். பக்கத்துப் படுக்கையில் இருந்த ஒருவருக்கு வேறு மாதிரி செய்திருந்தார்கள். குழாயின் மேல் விளிம்பில் கட்டிய ஒரு பட்டு நூல் தொண்டை வழியாக ஏறி மூக்குத் துவாரத்தில் வெளியே வந்து, கன்னத்தைச் சுற்றிக் காது மடலில் ஒட்டப்பட்டிருந்தது. அவர் பேசும்போதும் விழுங்கும்போதும் அந்த நூல் லேசாக இழுபட்டுத் தளரும். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, “பழகிடுச்சுங்க, இது இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறதும் இருக்குன்னு தைரியம்” என்றார்.

விழுந்த குழாயை எண்டோஸ்கோப்பியிலேயே பிடித்து மேலே எடுத்துவிட்டார்கள். அதுவும் அதிர்ஷ்டம்தான், இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் போயிருந்தால் எங்காவது அடைத்து அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோயிருக்கும். அப்புறம் இரண்டாவது ஸ்டென்ட். முதலாவது முழு உறை போட்டது, நழுவிவிட்டது, அதனால் இந்தத் தடவை முனைகளில் உறை இல்லாதது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம் இருக்கிறது. புற்று அல்லாத சுருக்கத்துக்கு வைப்பது தற்காலிகக் குழாய். ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சங்கத்தின் வழிகாட்டுதல் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது: இந்த வகைச் சுருக்கத்துக்கு முழு உறை போட்டதையே வைக்க வேண்டும், அதையும் அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அப்பாவின் வெளியேற்றச் சீட்டில் “ஆறு வாரம் கழித்து வரவும்” என்று ஒரு வரி இருந்தது. எதற்கு வர வேண்டும் என்று இல்லை. ஆறாவது வாரம் அவருக்குக் காய்ச்சல், தள்ளிப் போட்டோம். எட்டாவது வாரம் போனபோது பழைய மருத்துவர் மாறிப் போயிருந்தார், புதியவர், “நல்லா சாப்பிடுறாரா? அப்ப சரி” என்று மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். அப்பா நன்றாகத்தான் சாப்பிட்டார். எடை நாலு கிலோ ஏறியிருந்தது. நன்றாக இருப்பதை ஏன் தொட வேண்டும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். பதினைந்தாவது வாரம் மறுபடி “இங்கேயே நிக்குதும்மா” என்று விரலை வைத்தார். இந்தத் தடவை விரல் கொஞ்சம் மேலே இருந்தது.

எண்டோஸ்கோப்பித் திரையைப் பார்க்க என்னை விட்டார்கள். குழாயின் மேல் விளிம்பே தெரியவில்லை. தெரிய வேண்டிய இடத்தில் சிவந்த, ஈரமான, மேடு மேடான சதை வளையம் ஒன்று. அதன் நடுவில் இரண்டு மூன்று கம்பி வளைவுகள் மட்டும் பளபளவென்று எட்டிப் பார்த்தன, மரத்தைச் சுற்றிக் கட்டிய முள்வேலிக் கம்பியைப் பட்டை வளர்ந்து விழுங்கியிருக்குமே, அந்த மாதிரி. இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்தார்கள். கம்பி அசையவில்லை, சதைதான் கூடவே வந்தது, ரத்தம் கசிந்தது. நிறுத்திவிட்டார்கள். பலமாக இழுத்தால் சுவரோடு பெயர்ந்துவிடும். அதுவும் கதிர்வீச்சு பட்ட சதை, கிழிந்தால் ஆறுவது கஷ்டம்.

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், கேட்டபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. உள்ளே இருக்கும் குழாய்க்குள்ளேயே இன்னொரு குழாயை, முழு உறை போட்டதை, வைப்பது. புதுக் குழாய் விரிந்து, கண்ணிகளுக்குள் புகுந்திருக்கும் சதையை அழுத்தும். அழுத்தத்தில் ரத்த ஓட்டம் நின்று அந்தச் சதை பத்துப் பதினாலு நாளில் கரைந்துபோகும். அப்புறம் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாம். அப்பாவுக்குப் பன்னிரண்டாம் நாள் எடுத்தார்கள், இரண்டும் வந்துவிட்டன. அந்தப் பன்னிரண்டு நாள் முதல் மூன்று நாள் வலியைப் போல நாலு மடங்கு என்று அப்பா இன்னமும் சொல்வார். எடுத்ததை எஃகுத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலை, வெளிவலையின் முனைக் கண்ணிகளில் வெளிறிய சதைத் துணுக்குகள், விரலால் தொட்டால் கம்பி இன்னும் விரியப் பார்த்தது.

நழுவுவதும் சதை வளர்வதும் எங்களுக்கு நடந்தவை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பல மாதம் உட்கார்ந்திருந்ததில் மற்ற சிக்கல்களையும் பார்த்தேன். குழாய் உணவுக்குழாயின் அடிப்பகுதியில், இரைப்பை வாயைத் தாண்டி உட்கார்ந்தால் அந்த வாயை மூடவே முடியாது. கதவில் கட்டையைச் செருகி வைத்த கதைதான். இரைப்பையில் இருப்பதெல்லாம் எதுக்களித்து மேலே வரும், தூக்கத்தில் புரையேறி நுரையீரலுக்குப் போகும். அப்படிப்பட்டவர்கள் தட்டையாகப் படுக்கவே கூடாது என்கிறார்கள், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்கிறார்கள். குழாய் மேலே, தொண்டைக்குக் கிட்டே உட்கார்ந்தால் எப்போதும் ஏதோ மாட்டிக்கொண்ட உணர்வு இருக்கும், சிலருக்கு முன்னால் இருக்கும் மூச்சுக்குழாயையே அழுத்திவிடும்.

சாப்பாடு அடைத்துக்கொள்வதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு, ஏனென்றால் வீட்டில் நாம் தடுக்கக்கூடியது அது ஒன்றுதான். உணவுக்குழாய் வெறும் குழாய் இல்லை, அது பிசைந்து பிசைந்து உணவைக் கீழே தள்ளும், தலைகீழாக நின்றாலும் விழுங்க முடிவது அதனால்தான். ஸ்டென்ட் இருக்கும் இடத்தில் அந்தப் பிசைதல் எடுபடாது. உணவு தன் எடையால் விழுந்தால்தான் உண்டு. அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, நன்றாக மென்று, இடையிடையே தண்ணீர் குடித்துச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. காய்ந்த ரொட்டி, நாரான காய், கெட்டியான இறைச்சித் துண்டு, இவை வேண்டாம். அடைத்துவிட்டால் மேலே மேலே சாப்பிட்டுத் தள்ளிவிடலாம் என்று முயலக் கூடாது. ஒரு தடவை அப்பா அதைச் செய்துவிட்டு மூன்று மணி நேரம் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு அறிகுறிகளை மட்டும் யாரும் அலட்சியப்படுத்தாதீர்கள். தண்ணீர் குடித்த உடனே ஒவ்வொரு தடவையும் இருமல் வந்தால், உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் துளை விழுந்திருக்கலாம். கம்பி விளிம்பு ஒரே இடத்தில் மாதக்கணக்கில் அழுத்தும்போது அப்படி அரித்துவிடும். இன்னொன்று, வாயில் புது ரத்தம். கொஞ்சமாகத்தான் வந்தது, தானாக நின்றுவிட்டது என்று சமாதானம் ஆகிவிடக் கூடாது. உணவுக்குழாயை ஒட்டியே பெருந்தமனி போகிறது. விளிம்பு அதை அரித்துவிட்டால் முதலில் கொஞ்சம் ரத்தம் வந்து நிற்கும், சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பெரிதாக உடையும். அபூர்வம்தான். ஆனால் அந்தச் சின்ன ரத்தத்துக்கும் பெரிய ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே நேரம்.

புற்றுநோய் முற்றிய நிலையில் ஸ்டென்ட் வைப்பவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு அதை எடுக்கும் எண்ணமே இருக்காது, ஓரிரு நாளில் விழுங்க முடிவதுதான் பெரிசு, அந்த நிம்மதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக்கூட, காலம் கொஞ்சம் இருக்கிறது என்றால், வேறு வழி உண்டா என்று கேட்கலாம். நெதர்லாந்தில் 209 பேரை வைத்து ஸ்டென்டையும், உணவுக்குழாய்க்குள்ளிருந்தே ஒரே தடவை கொடுக்கும் கதிர்வீச்சையும் ஒப்பிட்டு 2004-இல் முடிவு வெளியிட்டார்கள். ஸ்டென்ட் சீக்கிரம் வழி திறந்தது. நாள் போகப் போக உள்கதிர்வீச்சு பெற்றவர்கள்தான் நன்றாக விழுங்கினார்கள், சிக்கலும் அவர்களுக்குக் குறைவு. எல்லா ஊரிலும் அந்த வசதி கிடைக்காது என்பதும் நிஜம்.

தானாகக் கரைந்துபோகும் குழாயும் இருக்கிறது, கரையும் தையல் நூல் செய்யும் அதே பொருளில். மூன்று மாதத்தில் கரைய ஆரம்பித்துவிடும், எடுக்கும் கவலை இல்லை. ஆனால் கரையும் வரை அதுவும் சதையைக் கிளறிவிடும், கரைந்த பிறகு சுருக்கம் திரும்பியவர்களும் உண்டு.

இப்போது அப்பா மறுபடி பலூனுக்கே திரும்பியிருக்கிறார். முன்பு பத்து நாள் தாங்கியது இப்போது ஐந்து ஆறு வாரம் தாங்குகிறது. மசித்த உணவோடு கூட மெத்தென்ற ரொட்டியும் ஊறவைத்தால் இறங்குகிறது. போன மாதம் போயிருந்தபோது மருத்துவர், “ஐயா, இடைவெளி இன்னும் கூடலைன்னா புது ஸ்டென்ட் ஒண்ணு யோசிக்கலாம், முழு உறை போட்டது, மேலே தையல் போட்டு நிறுத்திடலாம்” என்றார். நான் பையில் இருந்த நோட்டை எடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“எப்போ எடுப்பீங்க?”

மருத்துவர் எட்டு வாரம் என்றார். அப்பா விடவில்லை, தேதி சொல்லுங்க என்றார். அவர் நாட்காட்டியைப் பார்த்து ஒரு தேதியை, வருஷத்தோடு, கோப்பின் முதல் பக்கத்தில் எழுதினார். அப்பா அதை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு மூடி என்னிடம் கொடுத்தார். “இப்போதைக்குப் பலூனே போதும் டாக்டர். இதை வீட்ல வெச்சு யோசிக்கிறேன்” என்றார்.